எத்தனைங்க சின்னம்மா

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது தேடுவார்கள். தேடினால் அந்த வீடியோ வந்து நிற்கும். அதனால் இதில் அவள் வெறும் அவள்தான்.

பாலக்காட்டு எல்லையில், எருத்தேன்பதிப் பக்கம் தென்னைக்கு அடுத்தபடியாக மாடுதான். விடியற்காலையில் கறந்து, ஆறரைக்குள் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து ஊற்றிவிட வேண்டும். பலகையில் மலையாளத்தில் 'க்ஷீர சங்கம்' என்று எழுதியிருக்கும், நாங்கள் சொசைட்டி என்போம். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு அங்கே பால் சோதிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கேனைத் திறந்து, நீளக் கரண்டியால் அடிவரை கலக்கி, சாம்பிள் எடுத்து மெஷினில் வைத்தால் ஃபேட், அதாவது கொழுப்பு, எவ்வளவு என்று சிவப்பு எண்ணாக வரும். அது அச்சாகி வரும் சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதுகூட இல்லை. மடித்துச் செருகிக்கொண்டு, காலிக் கேனோடு கிளம்பிவிடுவார்கள்.

அவள் மட்டும் எண் வருகிறவரை மெஷின் முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"எத்தனைங்க சின்னம்மா?"

"நாலு ஒண்ணு."

"நேத்து நாலு மூணுங்களே?"

"மாடுன்னா முன்னப் பின்னதான் இருக்கும் கண்ணு."

"அதே தீவனம், அதே தண்ணிங்க. நானேதான் வெச்சேன். இன்னொருக்கா வெச்சுப் பாருங்களே."

பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பொறுக்காது. "ஏம்புள்ள, உன்ற மாடு என்ன பரீச்சையா எழுதுது?" என்று யாராவது கத்துவார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "எழுதுனா உங்க மாட்டவிட நல்லாத்தானுங்க எழுதும்" என்பாள். வரிசையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. சிரித்தால் அதுதான் முதலில் தெரியும்.

அவளுடைய அப்பா என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் அண்ணன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்புதான். அவள் என்னைச் சின்னம்மா என்பாள். என் மகள் அவளை அக்கா என்பாள், அவளுக்கு நான்கு வயது இளையவள். சின்ன வயதிலிருந்தே அவள் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாள். ஏழு வயதில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் கல்யாண ஆல்பத்தை முழுதும் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "சின்னம்மா, இதுல நாப்பத்திரண்டு பேரு சிரிக்கறாங்க. நீங்க மட்டும் ஒண்ணுலகூட சிரிக்கல."

அது எனக்கே தெரியாது. அப்புறம் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

கணக்குப் பாடத்தில் டிகிரி முடித்துவிட்டு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருந்தாள். ஒரு கோடையில் அவர்கள் மாடு கன்று போட்டது. எழுந்து நிற்கப் பார்த்த கன்று கால் மடங்கி விழுந்தது. அதை போனில் எடுத்துக்கொண்டே அவள் எண்ணினாள். "ஒண்ணு... ரண்டு... மூணு... நாலு. அஞ்சாவதுக்கு நிக்கும் பாருங்க." ஐந்தாவது தடவை அது நின்றுவிட்டது. அவள் சிரித்த சிரிப்போடு வீடியோ முடியும். அவ்வளவுதான். அதை நெட்டில் போட்டாள்.

இரண்டாம் நாள் காலை கேனை இறக்குவதற்கு முன்னாலேயே சொன்னாள். "நாப்பதாயிரமுங்க சின்னம்மா! நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க! நம்ம பஞ்சாயத்துல அத்தன தலை இருக்குமுங்களா?" அன்றைக்கு அவள் ஃபேட் எத்தனை என்று கேட்கவில்லை. நான் சீட்டை நீட்டியபோது போனைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டாள்.

அந்த நாற்பதாயிரத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் எதுவும் ஒரே தடவையில் முடியவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வருவதை மூன்று தடவை எடுத்தாள். அவளுடைய அம்மா என்னிடம் வந்து சொல்லிச் சிரிப்பார்: "ஒரே சோத்த ரண்டுக்கா வடிக்கச் சொல்றாளே புள்ள! கஞ்சி போயிருச்சு, இனி எங்கிருந்து வடிக்கறது?" அவளுடைய அப்பா சிரிக்கமாட்டார். "மாட்டுக்குத் தீவனம் வெச்சயா, பவுடர் போட்டயா?" என்று கேட்டுவிட்டுத் தோப்புக்குப் போய்விடுவார். என் மகள் கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தால் போனைப் பிடிப்பது அவள் வேலை. இரண்டு பேரும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒருத்தி ஆட, ஒருத்தி பிடிக்க, சாயங்காலம் வரை சத்தம் கேட்கும். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

அவள் மாறியதை முதலில் கண்டுபிடித்தவள் என் மகள்தான்.

"அம்மா, அக்கா இப்பெல்லாம் வாயத் தொறந்து சிரிக்கறதில்ல, கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை பார்த்தேன். வரிசையில் ஒருவர் என்னவோ கிண்டல் பண்ணினார். அவளும் சிரித்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் சிரித்தாள். யாரோ ஒருவன், எங்கே இருக்கிறவனோ, அந்தப் பல் இடைவெளியில் பஸ்ஸே போகும் என்று ஒரு வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தானாம். அதற்கு நூற்றுப்பதினாறு பேர் சிரித்திருந்தார்கள். அந்த நூற்றுப்பதினாறை என் மகளுக்குச் சொன்னது அவளேதான். நல்லதாக எழுதியவர்கள் எத்தனை பேர் என்று என் மகள் கேட்டதற்கு, "அத எண்ணலடி" என்றாளாம்.

இன்னொரு நாள். பொள்ளாச்சியில் பங்காளி வீட்டுக் கல்யாணம். அவள் என் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் மண்டபத்தில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருந்தாள். இலையில் சாப்பாடு விழுந்ததும் மடியிலிருந்த போனைப் பார்த்தாள். பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன கண்ணு?"

"நானூறுதானுங்க சின்னம்மா."

"நானூறு பேரு பாத்துட்டாங்கல்ல? இந்த மண்டபத்துல இருக்கறவங்களே அவ்வளவு இருக்க மாட்டாங்க."

"முந்தா நாள் போட்டது இந்நேரத்துக்கு நாலாயிரமுங்க."

"நாளைக்கு ஏறும். சாப்பிடு."

"ஏறாதுங்க. மொத ஒரு மணி நேரத்துல ஏறலீன்னா ஏறாது." இலையை மடித்துவிட்டாள். அந்தப் பக்கம் இருந்த அவளுடைய அம்மா, "பாயசம் வருது புள்ள, அதுக்குள்ள மடிச்சுட்டயே" என்றார். கை கழுவப்போகிற வழியிலேயே அவள் அந்த வீடியோவை அழித்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. நானூறு பேர் பார்த்தது, இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது, பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தேன். பரீட்சை நாளன்று சொசைட்டிக்கு வந்து நின்றாள். "போகலையா?" என்றேன். "லிஸ்ட்ல எத்தனையாவதா வருவன்னு தெரியுமுங்க, எதுக்குப் போய்க்கிட்டு" என்றாள். கேன் தூக்கும் கை மெலிந்திருந்தது. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. நான் படித்தவள். பேப்பரில் இந்தமாதிரி விஷயங்கள் வந்தால் தேடிப் படிக்கிறவள். என் மகளுக்கு அவற்றை போனில் அனுப்பி வைக்கிறவள். தோப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவளை அந்தச் செய்திகளோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை வரிசை குறைவாக இருந்தபோது கேட்டாள்: "சின்னம்மா, நேத்து ஒண்ணு போட்டனுங்களே, பாத்தீங்களா?"

"இல்லியே கண்ணு. நல்லாப் போகுதா?"

"எரநூத்திச் சொச்சமுங்க. நல்லா இருந்துச்சுங்க அது. அதான் ஏன்னு தெரியல."

வேலை முடிந்து உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் குலதெய்வக் கோயில் பொங்கலன்று ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். அவரைப்போல அவள் அப்பாவின் வேட்டியைக் கட்டி, துண்டை முண்டாசு கட்டி, பால் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். "அலோ... அலோ... கூட்டத்தார் எல்லாம் முன்னால வாங்க. பொண்டு புள்ளைங்க எல்லாம் அப்புடியே பொறத்தால நில்லுங்க. இன்னுங் கொஞ்சம் பொறத்தால. இன்னும். சாமி கண்ணுக்குப் படாத மாதிரி. ஆங்... அங்கயே நின்னு பாத்திரத்தக் கழுவுங்க!" நான் வாய்விட்டுச் சிரித்தேன். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோயிலில் பின்னால் நிற்கிறவள் நான். அப்படியே அவர் குரல். வேட்டியை மடித்துக் கட்டுகிற தினுசுகூட.

அப்புறம்தான் நான் அதைச் செய்தேன்.

எங்கள் கோயில் கூட்டத்தாருக்கு, அதாவது ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகளுக்கு என்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு எண். வீட்டில் மூத்த ஆம்பிளை யாரோ அவருடைய எண். பொள்ளாச்சி, தாராபுரம், திருப்பூர் என்று எல்லா ஊர்ப் பங்காளிகளும் அதில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆம்பிளை இல்லாததால் என் எண். யாராவது தவறிவிட்டால், காது குத்து என்றால், பொங்கல் தேதி என்றால் அதில் வரும். இவ்வளவு பேர் பார்த்தால் அவள் வீடியோவின் எண் ஏறிவிடும், நாளைக் காலை கேனோடு வந்து நின்று சிரிப்பாள் என்று நினைத்தேன். அந்த வீடியோவை லிங்கோடு எடுத்துக் குரூப்பில் போட்டேன். கீழே, 'நம்ம புள்ள. எல்லாரும் பாருங்க' என்று எழுதினேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது போல அவர்களுக்கும் வரும் என்று நினைத்தது என் தப்பு. அந்தக் குரூப்பில் கோயிலில் பின்னால் நிற்கிறவர்கள் என்னையும் சேர்த்து நாலைந்து பேர்தான். மற்றவர்கள் எல்லாம் முன்னால் நிற்கிறவர்கள்.

மதியத்துக்குள் திட்டு ஆரம்பித்தது. யாரு வளத்த புள்ள, யாரு கேக்கறது என்று குரல்செய்திகள் வந்து குவிந்தன. பெரியவருடைய சொந்தக்காரன் ஒருவன் அதை வெட்டி எடுத்து, சாமியைக் கேலி பண்ணுகிறாள் என்று தலைப்புக் கொடுத்து வேறு பக்கத்தில் ஏற்றினான். அங்கிருந்து அது எங்கெங்கேயோ போயிற்று. நான் போட்டதை அன்று சாயங்காலமே குரூப்பிலிருந்து அழித்தேன். அதற்குள் அது என் கையில் இல்லை.

மூன்று லட்சம்.

அவள் ஒரு நாளும் பார்க்காத எண். நான் ஏற்ற நினைத்த எண்தான், ஏறிவிட்டது. அதற்குக் கீழே எழுதியிருந்தவற்றை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவளுடைய பல், நிறம், அவளைப் பெற்றவள், அவளுக்கு என்ன செய்யவேண்டும் என்பது, எல்லாம் இருந்தது. அவள் ஒன்றுவிடாமல் படித்தாள் என்று என் மகள் சொன்னாள். போனைப் பிடுங்கி வைத்தால் அம்மாவின் போனில் படித்தாளாம். "படிக்காதீங்கக்கான்னு அழுதேம்மா. இன்னும் எத்தனை இருக்குதுன்னு பாத்துட்டு வெச்சர்றேங்கறா" என்று போனில் விசும்பினாள்.

மன்னிப்புக் கேட்டு வீடியோ போடவேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. கோயில் முன்னால் நிறுத்தினார்கள். சேலை கட்டி, கைகூப்பி நின்றாள். அவள் அப்பா ஒரு பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர்கள் முன்னால், நாங்கள் பெண்கள் பின்னால். அவள் சொல்லி முடித்ததும் போனைப் பிடித்திருந்தவர், "சத்தமே கேக்கல, இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றார். சொன்னாள். காற்று அடித்தது, மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் கண் கூட்டத்துக்கு மேலாகப் பின்வரிசையில் எதையோ தேடியது. என் முகத்தில் வந்து நின்றது. நான் சேலைத் தலைப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறமும் அவள் தினமும் பால் கொண்டுவந்தாள். வரிசையில் யாரும் அவளைக் கிண்டல் பண்ணவில்லை. பேசுவதே இல்லை. அவளும் மெஷினைப் பார்க்கவில்லை. நான் கலக்குவதை, சாம்பிள் எடுப்பதை, சீட்டைக் கிழிப்பதை, அதாவது என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள். சீட்டை வாங்கிய பிறகும் ஒரு நிமிஷம் நிற்பாள். அப்புறம் போவாள்.

நான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் அந்தக் குரூப்பில் இல்லை. அவள் அப்பா அதிகம் போன் பார்க்கிறவர் இல்லை. வீடியோ ஆயிரம் கை மாறிவிட்டது, முதல் கை யாருடையது என்று யாருக்கு நினைவிருக்கும்? கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். இப்போது சொன்னால் தாங்கமாட்டாள். இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"சின்னம்மா, அத குரூப்புல மொதல்ல யாரு போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

கரண்டி கேனுக்குள் இருந்தது. நான் கலக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியலயே கண்ணு."

"தெரிஞ்சா கேக்கலாமுன்னுதானுங்க. திட்டறதுக்கில்லீங்க. ஏன் போட்டீங்கன்னு மட்டும்."

"விட்றா சாமி. எவனோ வேலையில்லாதவன் போட்டிருப்பான்."

"சரிங்க சின்னம்மா."

சீட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் நின்றாள். போனாள்.

பிறகு ஒரு காலை அவள் வரவில்லை. ஆறரை ஆகி, மெஷினைக் கழுவி வைக்கிறபோது தோப்புப் பக்கமிருந்து மாடு கத்துகிற சத்தம் கேட்டது. மடி நிறைந்து, கறக்க ஆள் வராத மாட்டின் கத்தல் தனியாகத் தெரியும். நான் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்கு முன்பே அவள் அம்மாவின் அலறல் கேட்டுவிட்டது.

அவள் சாகத் துணிந்தாள் என்பதை மட்டும் எழுதுகிறேன். மற்றது வேண்டாம். நேரத்தில் பார்த்துவிட்டார்கள், பாலக்காட்டு ஆசுபத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். வார்டுக்கு வெளியில் மனநல டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். மலையாளத்துக்காரர், எங்களுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். "ஈ குட்டி சரியாயிட்டு உறங்கியிட்டு மாசங்களாயி, அம்மே. ஆரும் கண்டில்லே?" மாதக்கணக்காகத் தூங்காத பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லையா என்று கேட்கிறார். இது திமிரோ பிடிவாதமோ இல்லை, வியாதி, மருந்து உண்டு, நேரமாகும், முதலில் அந்த போனை எடுத்து வையுங்கள் என்றார். ஒரு வீடியோவினால் மட்டும் வந்தது இல்லை என்றும் சொன்னார். அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வீடியோவினால் மட்டும் இல்லை. பல நாள் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

ஆசுபத்திரியிலிருந்து வந்ததும் மறையூருக்கு மேலே மலையில், காந்தலூரில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமனுக்கு அங்கே பூண்டும் பீன்ஸும் போடுகிற தோட்டம். மாதம் ஒருமுறை மருந்துக்குக் கீழே அழைத்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் அம்மா பால் ஊற்ற வர ஆரம்பித்தார். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். காலை நான்கு மணிக்கு எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அவள் வாட்ஸப்பில் கடைசியாக வந்துபோன நேரத்தை. இரண்டு மணி என்று இருந்தால் ஏன் தூங்கவில்லை என்று பதறுவேன். பத்து மணி என்று இருந்தால் ஏன் அவ்வளவு சீக்கிரம், என்ன ஆயிற்று என்று பதறுவேன். ஒரு நாள் அவள் அந்த நேரம் தெரியாதபடி மாற்றி வைத்துவிட்டாள். அன்று நான் பஸ் ஏறிக் கோயமுத்தூருக்கே போய்விட்டேன். ஹாஸ்டல் வாசலில் என்னைப் பார்த்ததும் என் மகள் கேட்டாள். "என்னய இப்படி வேவு பாக்கறதுக்கு, அக்காவ ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரலாமில்லம்மா? எட்டு மாசமாச்சு."

மறு வாரம் போனேன். பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மறையூர் பஸ். பிறகு ஜீப். வழி முழுக்க என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தோட்டத்து ஷெட்டில் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சின்னம்மா" என்றாள். மாமன் மனைவி டீ போட உள்ளே போனார். பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தேன். மாடு, மழை, என் மகளின் பரீட்சை எல்லாம் பேசினேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வெட்டிய பூண்டைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள், எண்ணிப் போடுகிறாளா என்று பார்த்தேன். தெரியவில்லை.

கடைசியில் சொல்லிவிட்டேன். "அந்த வீடியோவ குரூப்புல போட்டது நாந்தான் கண்ணு. கெட்ட எண்ணத்துல இல்ல. உனக்கு ஏறட்டும்னு..."

"தெரியுமுங்க."

கத்தி நிற்கவில்லை.

"அன்னிக்கே தெரியுமுங்க சின்னம்மா. நீங்க அழிக்கறதுக்கு முன்னாலயே அப்பா கொண்டாந்து காட்டுனாரு. மேல உங்க பேரு இருந்துச்சு. கீழ 'நம்ம புள்ள'ன்னு எழுதியிருந்தீங்க."

அறுத்த தாளை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"ஊரே திட்டறப்ப அத நெனச்சுக்குவனுங்க. ஒருத்தராச்சும் ஆசையாப் போட்டாங்களேன்னு. நீங்க வாயில ஒருக்கா சொன்னாப் போதும்னு இருந்துச்சுங்க. காலைல எந்திரிக்கவே முடியாதுங்க அப்ப. இன்னிக்கு சொல்லீருவாங்கன்னு எந்திரிச்சுக் கறந்துட்டு வருவேன். நீங்க கலக்குவீங்க, சீட்டக் குடுப்பீங்க. சித்த நின்னு பாப்பேன். சரி, நாளைக்குன்னு போயிருவேன்."

கூடையில் ஒரு பூண்டைப் போட்டாள்.

"அப்பறம் நானே கேட்டுப் பாத்தனுங்க. தெரியலன்னுட்டீங்க. அதுக்கு மேலயும் வந்தேன்."

"கண்ணு..."

"பத்தொம்பது நாளுங்க சின்னம்மா."

கோபமில்லை. ஃபேட் சொல்கிற மாதிரி, இருந்ததைச் சொன்னாள். டீ வந்தது. அதை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் குடித்தேனா என்று நினைவில்லை. கிளம்பும்போது, "போயிட்டு வர்றேன் சாமி" என்றேன். "சரிங்க" என்றாள். பூண்டுக்கு மேல் குனிந்துகொண்டாள். மாமன் மனைவிதான் ஜீப் வரை வந்து, "போயிட்டு வாங்க" என்றார்.

இறங்கி வரும்போது பஸ்ஸிலிருந்து என் மகளுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். போட்டதையும், தெரியாது என்று சொன்னதையும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் அப்பறம் பேசறம்மா" என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் வாட்ஸப்பில் இருக்கிறாளா என்று நான் தேடவில்லை. தேடுவதற்கு எனக்கு என்ன பாத்தியதை என்று தோன்றியது.

ஊர் வந்த மறுநாள் காலை, வரிசையில் அவள் அம்மா கேனை வைத்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"அக்கா, அந்த வீடியோவ குரூப்புல போட்டது நானுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு நேராக என் கண்ணைப் பார்த்தது அன்றுதான்.

"எங்களுக்குத் தெரியாமயா இருக்குது புள்ள?" என்றார். வரிசையில் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கும் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. "பொறத்தால ஆளு நிக்குது. பாலப் பாரு. எத்தன?"

நான் கலக்கினேன். சாம்பிள் எடுத்தேன். மெஷினைப் பார்த்து, "நாலு ரெண்டுங்க அக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன். சாம்பிள் இன்னும் என் கையில்தான் இருந்தது. மெஷினில் நின்றது முன்னால் ஊற்றிவிட்டுப் போனவருடைய எண்.